மதிலின் கடல்பக்கம்

வாங்கோ தம்பி, உள்ளுக்கு வாங்கோ. கதவைச் சாத்திவிடுங்கோ, இல்லாட்டிக் காத்து பேப்பர் எல்லாத்தையும் கிளப்பிக்கொண்டு போயிடும். தமிழ்தானே நீங்கள்? தெரியும். கோடை வந்தா இந்த ஊருக்கு எத்தினையோ சனம் வருது. அதுக்குள்ள எங்கட முகம் ஒண்டு வந்தா எனக்குத் தூரத்திலேயே தெரிஞ்சிடும். என்ன வேணும்? தண்ணியோ, பிள்ளையளுக்கு ஐஸ்கிரீமோ?

என்ன? கல்லோ?

ஓ. அப்ப நீங்கள் கீழ மணலுக்கால வந்தனீங்கள். மேல றோட்டால வாற சனத்துக்கு அது கண்ணில படாது. கடலோர மதிலில தமிழ் எழுத்தைக் கண்டிட்டு வந்திருக்கிறியள். சரி. எண்டைக்கோ ஒருநாள் ஆராவது ஒரு தமிழ் ஆள் கண்டிட்டு வந்து கேக்கும் எண்டு எனக்குத் தெரியும். கேட்டா என்ன சொல்லுறதெண்டு பாடமாக்கியே வச்சிருக்கிறன். பொறுங்கோ, நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம். முதல் நான் சொல்லுறதைக் கேளுங்கோ.

அது என்ர மகன்ர பேர். ஆரூரன். என்ர மகன் சாகேல்லை. அதை முதல் தெரிஞ்சுகொள்ளுங்கோ. அந்தக் கல்லை வெட்டுவிச்சது என்ர மனுசன் நாகேந்திரம். அது அவர் தன்ர பாட்டில செய்த வேலை. எனக்கும் அதுக்கும் ஒரு தொடுசலும் இல்லை.

அந்தப் பெட்டியைத் தள்ளிப்போட்டு ஸ்டூலில இருங்கோ. உங்கட ஆக்கள் எங்க, கீழயோ? மனிசியும் பிள்ளையளும் ஆறுதலா மணலில விளையாடட்டும். இந்த ஊரில வெயில் எறிக்கிறதே பெரிய காரியம். நான் தேத்தண்ணி போடுறன். சீனி போடுவீங்கள்தானே? ஊரில எவடம் நீங்கள்? கரவெட்டியோ! என்ர சின்னம்மாவைக் கட்டிக்குடுத்தது கரவெட்டியிலதான். அது பெரிய கதை, பேந்து சொல்லுறன்.

இந்த வெல்ஹேவன் விக்டோரியா மகாராணி காலத்தில ரயில் வந்தவுடன உண்டாகின ஊராம். லண்டன் பணக்காரர் இருமலுக்கும் சளிக்கும் மருந்தெண்டு வந்து இந்தக் கடல்காத்தைக் குடிச்சிட்டுப் போறவையாம். அவையள் குடை பிடிச்சு நடந்து திரியத்தான் இந்த மதிலும், அதுக்கு மேல இந்தப் பாதையும், அந்த வளைஞ்ச விளக்குக் கம்பங்களும். மதிலைப் பற்றிக் கதைச்சா இந்த ஊர்ச்சனத்துக்குக் கண் கலங்கும். ஒரு ஆணி அடிக்க ஏலாது, கவுன்சிலிட்ட எழுதிக் கேக்கவேணும். எனக்கென்ன தெரியும்? வந்த புதுசில ஒருநாள் நல்ல வெயில். மோர்மிளகாய் போட்டிருந்தனான், கொண்டுபோய் மதிலில பரவிவிட்டன். ஒரு வெள்ளைத்தலை மனுசி நாயையும் இழுத்துக்கொண்டு ஓடி வருகுது. பமேலா. மதிலுக்கெண்டு ஒரு சங்கம் இருக்கு, அவதான் தலைவி. ‘இது நூற்றைம்பது வருசத்து மதில், அன்பே’ எண்டா. ஓம், அதுதான் நல்லாச் சூடு பிடிச்சு வச்சிருக்கு எண்டன். எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் வரும். அண்டையில இருந்து நானும் அவவும் சிநேகிதம் மாதிரி.

மாதிரித்தான். பேந்து என்ன நடந்ததெண்டு சொல்லுறன்.

நாங்கள் முதல் லண்டனில, ஈஸ்ட்ஹாமில இருந்தனாங்கள். கோயில் நடந்துபோற தூரம். முருங்கைக்காய், மரவள்ளிக்கிழங்கு எல்லாம் வீட்டு வாசலிலயே வாங்கலாம். நாலு தமிழ்ச்சனம் போக வர ‘எப்பிடி அக்கா’ எண்டு கேக்கும். அதையெல்லாம் விட்டுப்போட்டு இந்தக் கடற்கரையில வந்து பேப்பர்க்கடை வாங்கினது ஏனெண்டு கேளுங்கோ. நான் எத்தினை தரம் கேட்டுட்டன். ‘கடல் வேணும், மலர்’ எண்டுவார். அவ்வளவுதான் மறுமொழி. கதைக்கத் தெரியாத மனுசன். ஊரில கூட்டுறவுச் சங்கத்தில மனேச்சரா இருந்தவர். அங்கயும் ஆரும் பிழை விட்டா வாய் திறந்து ஏசமாட்டார், போய்ப் பக்கத்தில நிப்பார். அவையளாத் திருத்தவேணும்.

சரி, மகனைப் பற்றிச் சொல்லவேணும்.

இவர் முதல் வந்தவர். பேந்து எங்களைக் கூப்பிட விசா கிடைச்ச நேரம் ஆரூரனுக்குப் பதினெட்டு முடிஞ்சு போச்சு. பதினெட்டு முடிஞ்சா அவன் பிள்ளை இல்லையாம். பெத்தவளுக்குச் சொல்லுறாங்கள், அவன் பிள்ளைக் கணக்கில வரமாட்டானாம். மகள் வினோதினி சின்னப்பிள்ளை, அவளைக் கூட்டிக்கொண்டு நான் வந்தன். அவனை என்ர அண்ணர் வீட்டில விட்டிட்டு வந்தன். பேந்து ஏஜென்சிக்காரனைப் பிடிச்சுத்தான் அவனை வெளிக்கிடுத்தினது. அந்த நாடு, இந்த நாடெண்டு சுத்திக் கடைசியாத் துருக்கியில இருந்து ஃபோன் எடுத்தவன். ‘நாளைக்கு வள்ளத்தில ஏத்துறாங்களாம், அம்மா. நான் வந்தவுடன எனக்கு ஒடியல் கூழ் காய்ச்சித் தருவீங்களோ? அங்க ஒடியல் மா கிடைக்குமோ?’ எண்டு கேட்டான். எல்லாம் கிடைக்கும், நீ வா எண்டன். லைன் கட்டாகிப் போச்சு.

அவ்வளவுதான் தம்பி. அதுக்குப் பிறகு இத்தினை வருசமாச் சத்தம் இல்லை.

ஏஜென்சிக்காரன் முதல் சொன்னான், வள்ளம் போயிட்டுது, இறங்கினவுடன எடுப்பான் எண்டு. பேந்து சொன்னான், பிடிபட்டு உள்ளுக்கு இருக்கலாம் எண்டு. பேந்து அவன்ர ஃபோனே வேலை செய்யேல்லை. ஆனா வடிவாக் கேளுங்கோ. செத்துப்போனான் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. அந்த வள்ளம் கவிண்டதைக் கண்டனான் எண்டும் ஒருத்தரும் சொல்லேல்லை. உடம்பு எடுத்ததெண்டும் இல்லை. அப்ப எப்பிடிச் செத்தவன் எண்டு சொல்லுறது? ஆர் சொல்லுறது?

அவனிட்ட இருக்கிறது ஈஸ்ட்ஹாம் அட்ரஸ். அந்த வீட்டை விட்டிட்டு ஆராவது வருவினமோ? நான் இவரோட சண்டை பிடிச்சனான். பிள்ளை தேடி வந்தா எங்க போவான் எண்டு கேட்டன். அதுக்கு இந்த மனுசன் சொன்ன கதையைக் கேளுங்கோ. ‘கடலால வெளிக்கிட்டவன் கடலாலதான் வருவான், நாங்கள் கரையில இருப்பம்’ எண்டார். துருக்கிக் கடல் எங்க கிடக்கு, இந்தக் கடல் எங்க கிடக்கு? வரைபடம் பாக்கத் தெரியாத மனுசனே? விசர்க்கதை. பேந்து அந்த ஈஸ்ட்ஹாம் வீட்டையும் இடிச்சுப்போட்டு மாடி மாடியாக் கட்டிட்டாங்கள். வினோதினி போய்ப் பாத்திட்டு வந்து சொன்னவள். நான் அண்டைக்கு முழுக்கச் சாப்பிடேல்லை.

என்ன தம்பி? பொறுங்கோ, சொல்லி முடிக்கிறன். இடையில விட்டா எனக்கு நூல் அறுந்துபோகும்.

இந்த மதிலில முந்தியே பேர் இருக்கு, கண்டனீங்களோ? பழைய கல்லுகளில. அந்தக் காலத்தில மீன்பிடிக்கப் போய்த் திரும்பி வராத ஆக்களின்ர பேருகள். பின்னேரத்தில கடையை மகளிட்ட விட்டிட்டு நாங்கள் ரண்டு பேரும் நடக்கப் போவம். இவர் ஒவ்வொரு கல்லா நிண்டு வாசிப்பார். பாசி மூடியிருந்தா லேஞ்சியால துடைச்சுப்போட்டு வாசிப்பார். நான் வாங்கோ, வாங்கோ எண்டு கையைப் பிடிச்சு இழுப்பன். எனக்கு அந்தப் பேருகள் பிடிக்காது. கடல் திண்ட ஆக்களின்ர பேர்.

நாலைஞ்சு வருசத்துக்கு முந்தி ஒரு புயல் அடிச்சுது. கடல் மதிலுக்கு மேலால பாஞ்சு றோட்டைக் கடந்து கடைக்குள்ள வந்திட்டுது. படிக்கட்டுக்குக் கிட்ட மதில் பிளந்துபோச்சு. அடுத்தநாள் ஊர்ச்சனம் எல்லாம் வந்து செத்தவீடு மாதிரி சுத்தி நிண்டுது. பேந்து சங்கம் கூடினது, திருத்தக் காசு சேத்தவை. உதவி செய்த ஆக்களுக்குப் புதுக்கல்லில பேர் வெட்டித் தாறதெண்டு முடிவெடுத்தவை. பேர் மட்டும்தான். வாழ்த்து, வேத வசனம், கடை விளம்பரம் ஒண்டும் கூடாது. பமேலா அதில சரியான கண்டிப்பு.

இவர் போய்ப் பேர் குடுத்திருக்கிறார். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. கல் வெட்டின கிழமை முழுக்க அந்தக் குளிருக்குள்ள கல்வெட்டுறவனுக்குப் பக்கத்திலயே நிண்டிருக்கிறார், அவனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாதெண்டு. சுழி பிழைச்சா அழிச்சுத் திருப்பி வெட்டுவிச்சிருக்கிறார். நான் நினைச்சன், மனுசன் வழமைபோல கடலைப் பாத்துக்கொண்டு நிக்குது எண்டு. தேத்தண்ணி எல்லாம் ஊத்திக் குடுத்துவிட்டனான், பாருங்கோ!

எனக்குச் சொன்னது பமேலா. நான் பால் அடுக்கிக்கொண்டு நிக்கிறன். வாய் நிறையச் சிரிப்போட வந்தா. ‘மிஸிஸ் நாகா, உங்கட மகன்ர கல் எவ்வளவு வடிவு! நாலு வரி! எவ்வளவு நீளமான பேர்!’ எண்டா. எங்கட ஆக்களின்ர பேர் எல்லாம் அப்பிடித்தான் நீளம் எண்டு இவர் அவவுக்குச் சொன்னவராம். எனக்கு உடன விளங்கிப்போச்சு. அப்பன் பேர், பாட்டன் பேர், பிறந்த ஊர், இருந்த ஊர் எல்லாம் சேத்து வெட்டுவிச்சிருக்கிறார். மரண அறிவித்தலில அப்பிடித்தானே போடுறது. இன்னொண்டும் சொன்னா. எல்லாரும் பாதைப்பக்கம்தான் வேணுமெண்டு சண்டை பிடிச்சவையாம், இவர் மட்டும் கடல்பக்கம் தாங்கோ எண்டு கேட்டவராம். அங்க அலை அடிக்கும், போறவாற ஆக்களுக்குத் தெரியாதெண்டு சொல்லிப் பாத்தவையாம், கேக்கேல்லையாம். ஏன் கேப்பார்? ஒளிச்சு வச்சிருக்கிறார். நான் காணக்கூடாதெண்டு.

நான் அந்த அடுக்கின பாலையெல்லாம் விட்டிட்டு அவவைப் பிடிச்சன். என்ர மகன் சாகேல்லை, கல்லைக் கழட்டு எண்டன். அவ பயந்துபோனா. ‘செத்தவைக்கு மட்டும் இல்லை மிஸிஸ் நாகா, என்ர பேரப்பிள்ளையளின்ர பேரும் இருக்கு, டெய்சின்ர பேரும் இருக்கு’ எண்டா. டெய்சி ஆர் தெரியுமோ? நாய்! அது அந்த நேரம் வாசலில நிண்டு வாலை ஆட்டிக்கொண்டு என்னைப் பாக்குது. என்ர பிள்ளையின்ர பேரும் நாயின்ர பேரும் ஒரே மதிலில. இதுக்கு மேல அந்த மனுசியோட எனக்கு என்ன கதை? அண்டைக்கு விட்டதுதான். இப்பவும் பேப்பர் வாங்க வருவா, நான் கையில குடுக்கமாட்டன், மேசையில வைப்பன்.

இவர் வீட்டை வந்தார். சப்பாத்துக் கழட்டக்கூட விடேல்லை. என்ர பிள்ளையைச் சாக்காட்டிப்போட்டோ வாறியள் எண்டு கேட்டன்.  ‘வா மலர், வந்து வாசிச்சுப்போட்டுக் கதை’ எண்டார். நல்லூரான் அறிய அந்த மதிலில இனிக் கால் வைக்கமாட்டன் எண்டன். ‘அப்ப நான் சொல்லுறன், கேள்’ எண்டார். நீங்கள் இனி அவன்ர பேரை வாயால எடுக்கக்கூடாது எண்டு ரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தினன். கீழ கடையில நிண்ட சனம் மேல பாத்தது. அவர் சப்பாத்தும் கழட்டாமல் திரும்பிக் கீழ கடைக்குப் போயிட்டார்.

அதோட நான் கதைக்கிறதை விட்டன். சமைச்சு மூடி வைப்பன், சாப்பிட்டுக் கோப்பையைக் கழுவி வைப்பார். ஏதும் சொல்லவேணுமெண்டா மகளுக்கு எடுப்பன். அவள் கலியாணம் முடிச்சு லெஸ்டர்ல இருக்கிறாள். ‘கொப்பரிட்டச் சொல்லு, பாண்காரன் வந்திட்டான் எண்டு’ எண்டுவன். அவள் அங்க இருந்து இவருக்கு எடுத்துச் சொல்லுவாள். ஒரே கடைக்குள்ள நிக்கிறம், இந்த மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். சிரிக்கிறியள் என்ன? சிரியுங்கோ. எனக்கும் இப்ப நினைக்கச் சிரிப்புத்தான் வருகுது.

வினோதினியும் சொல்லிப் பாத்தவள். ‘அம்மா, அது சாவுக்கல் இல்லையாம், அப்பா சொல்லுறார்’ எண்டு. நீயும் அவற்ற பக்கமோ எண்டு ஃபோனை வச்சன். ஒருக்காப் படம் எடுத்துக்கொண்டு வந்து நீட்டினவள். முகத்தைத் திருப்பிப்போட்டன். அவளுக்கும் அதில என்ன கிடக்கெண்டு தெரியாது. சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப அழுதழுது நிப்பாட்டின பிள்ளை, ‘அ’ வுக்கும் ‘ஆ’ வுக்கும் வித்தியாசம் தெரியாது. அவர் கீறிக் குடுத்ததை ஆரும் அப்பிடியே நம்பவேண்டியதுதானே.

போன மாரியில அவருக்கு நெஞ்சில சளி பிடிச்சது. அந்தக் கல்லடியில நிண்ட குளிர்தான், வேறென்ன. டொக்டர் அப்பிடியில்லை, அதுக்கும் இதுக்கும் ரண்டு வருசம் இடையில கிடக்கெண்டு சொன்னவர். டொக்டருக்கு என்ன தெரியும்? ஆஸ்பத்திரியில நான் பக்கத்தில இருந்தனான். இருந்தனான், கதைக்கேல்லை. கால் ரண்டும் குளிர்ந்துபோய்க் கிடந்தது, தேய்ச்சுவிட்டன். மாஸ்க்கைக் கழட்டிப்போட்டு, ‘ஒருக்காப் போய் வாசி, மலர்’ எண்டார். சாகப்போற நேரத்திலயும் அந்தக் கல்லுத்தான். வேற ஒண்டும் கேக்கேல்லை, என்ன செய்யப்போறாய், எப்பிடி இருக்கப்போறாய், ஒண்டும் இல்லை. எனக்கு அழுகையும் வந்தது, கோவமும் வந்தது. ரண்டில எது கூட எண்டு எனக்குத் தெரியாது. நான் காலைத் தேய்ச்சுக்கொண்டே இருந்தன். விடிய முந்திப் போயிட்டார்.

தம்பி, நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ. இனித்தான் நான் கேக்கவேண்டினது இருக்கு. உங்களிட்டக் கேக்கலாம்தானே, ஊர் ஆக்கள் முறை தெரிஞ்சவை.

கொள்ளி வைக்கிறது ஆர்? மகன். எனக்கு மகன் இருக்கிறான். இஞ்ச எரிக்கிற இடத்தில விறகும் கட்டையும் இல்லை, ஒரு பட்டனைத்தான் அமத்திறது. ஐயர் மருமோனைக் கூப்பிட்டார். ‘மகன் இல்லாட்டி மருமோன் செய்யலாம், அதில பிழையில்லை’ எண்டார். ஆர் ஐயா சொன்னது மகன் இல்லையெண்டு, எண்டு எல்லாருக்கும் முன்னால கேட்டன். மருமோன் பாவம், கோட்டும் போட்டுக்கொண்டு நடுவில நிக்குது. ஒருத்தரையும் நான் விடேல்லை. கடைசியா அங்க வேலை செய்யிற வெள்ளைக்காரப் பெடியன்தான் பட்டனை அமத்தினவன். அவன் ஒரு சொந்தமும் இல்லைத்தானே. அவன் அமத்தினா என்ர மகன்ர உரிமை போகாது.

முப்பத்தொராம் நாள் அந்தியேட்டியும் செய்யேல்லை. சாம்பலைக் கடலில கரைக்கேல்லை. மேல அறையில, அவர் பேப்பர் வாசிக்கிற மேசையில வச்சிருக்கிறன். காலையில விளக்கு வைப்பன். கதைக்கிறேல்லை. மகன் வந்து தன்ர கையால கரைக்கட்டும். வினோதினி அழுகிறாள், ‘அப்பா பாவம் அம்மா, அவரைப் போகவிடுங்கோ’ எண்டு. வாற ஞாயிற்றுக்கிழமை ஐயரையும் கூட்டிக்கொண்டு வரப்போறாளாம். அந்த மதில்ப் படியால இறங்கி மருமோன் கரைக்கிறதாம். பமேலா கவுன்சிலிட்டக் கேட்டு அனுமதியும் எடுத்துக் குடுத்திட்டா, பாருங்கோ, அவவுக்கு என்ன அவசரம்!

நீங்கள் சொல்லுங்கோ தம்பி, நான் பிழையோ? மருமோன் கரைச்சா, ஆரூரன் இல்லையெண்டு நானே என்ர வாயால சொன்ன மாதிரித்தானே? தகப்பன் கல்லில வெட்டிப்போட்டுப் போயிட்டார். தங்கச்சி நாள் வச்சிட்டாள். இந்த உலகத்தில அந்தப் பிள்ளை உயிரோட இருக்கிறான் எண்டு நம்பிக்கொண்டிருக்கிறது நான் ஒருத்திதான். நானும் விட்டா அவனுக்கு ஆர் இருக்கினம்?

என்ன? ஓம், சொல்லுங்கோ. இனிச் சொல்லுங்கோ, நான் முடிச்சிட்டன்.

பேர் மட்டும் இல்லையோ? வேற என்ன கிடக்கு? அப்பன் பேர்தானே? இல்லையோ?

அப்ப நீங்கள்... பொறுங்கோ. நீங்கள் இந்தக் கடையை எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்? போர்ட்டில தமிழ் இல்லை. வெளியால தமிழ்க்கடை எண்டு தெரியாது. ஆரிட்டயும் கேட்டனீங்களோ? கேக்கேல்லையோ?

ஆறுதலாச் சொல்லுங்கோ, தம்பி. முதல் இருந்து. ஒவ்வொரு சொல்லா.

‘ஆரூரன்.’ ம். ‘படியால ஏறி வா. இடப்பக்கம் திரும்பு.’ ம். ‘பச்சைக் கதவுக் கடை.’ பச்சைக் கதவோ? அப்பிடியே கிடக்கு? ‘அம்மாவும் நானும் இஞ்சதான் இருக்கிறம்.’

இருக்கிறம்.

திருப்பி ஒருக்காச் சொல்லுங்கோ. கடைசி வரியை மட்டும்.

...

ஒண்டும் இல்லை தம்பி. ஒண்டும் இல்லை. நீங்கள் பயப்பிடாதேங்கோ. இந்த லேஞ்சியை எங்க வச்சன்... 

நீளமான பேராம்! வாழ்க்கையில ஒரு பொய் சொல்லத் தெரியாத மனுசன், பமேலாவைப் பேய்க்காட்டியிருக்கு. கல்வெட்டுறவனைப் பேய்க்காட்டியிருக்கு. இந்த ஊர் முழுக்க அதைப் பேர் எண்டு நினைச்சுப் படம் எடுக்குது. அதுக்குத்தான் கடல்பக்கம். வள்ளத்தில இருந்து இறங்கி வாறவன் மதிலின்ர அந்தப் பக்கத்தைத்தானே முதல் காணுவான். அதுக்குத்தான். புயலில பழுதான கதவுக்கு, கல் வெட்டினாப் பிறகு, நீலம் அடிப்பம் எண்டு மகள் மூலமாச் சொல்லுவிச்சன். மகளிட்டச் சொல்லி அனுப்பினவர், பச்சையை மாத்தக்கூடாது, எண்டைக்கும் மாத்தக்கூடாது எண்டு. கதவு நிறத்தில ஏன் இந்த மனுசனுக்கு இவ்வளவு பிடிவாதம் எண்டு நான் மகளோட சேந்து சிரிச்சனான்.

இடப்பக்கம் எண்டே போட்டிருக்கு? வடிவாப் பாத்தனீங்களோ? அவருக்கு இடமும் வலமும் எண்டைக்கும் மாறித்தான் வரும். கார் ஓட்டேக்க நான் பக்கத்தில இருந்து கையைக் காட்டினாத்தான் சரியாத் திருப்புவார். என்னட்டக் கேக்காமல் எழுதினவர், ஆரிட்டக் கேட்டவரோ தெரியாது. படியால ஏறி வந்தா... ஓம், இடப்பக்கம்தான். நீங்கள் வந்து சேந்திட்டியள்தானே. அப்ப சரி. பிழை இல்லாமல்தான் வெட்டுவிச்சிருக்கிறார்.

ஏன் எனக்குச் சொல்லேல்லை எண்டு நீங்கள் கேக்கேல்லை. நல்ல பிள்ளை. கேக்காதேங்கோ.

‘நானும்’ எண்டு போட்டிருக்கிறார். மேலதான் இருக்கிறார். பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை வினோதினி வந்தா நான் என்னத்தைச் சொல்லுறது? இருக்கிறம் எண்டு எழுதிவச்ச மனுசனைக் கொண்டுபோய்க் கரைக்கிறதோ? கரைக்காமல், அவரை இப்பிடி அந்த மேசையிலயே இருத்தி வச்சு, நானும் கதைக்காமல்... எனக்குத் தெரியேல்லை தம்பி. இவ்வளவு நேரமும் எனக்கு எல்லாம் தெரிஞ்சிருந்தது. இப்ப ஒண்டும் தெரியேல்லை.

தண்ணி எங்க வரைக்கும் வந்திட்டுது? நீங்கள் வரேக்க கல் நனையேல்லைத்தானே? அப்ப இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. நான் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வரவேணும். மதிலில கால் வைக்கமாட்டன் எண்டுதானே சத்தியம், சரிவுப் பாதையால இறங்கிப்போய் மணலில நிண்டு வாசிக்கலாம். நல்லூரான் அதுக்குக் கோவிக்கமாட்டான். என்ர கண்ணாடி எங்க? அந்தா, உங்களுக்குப் பக்கத்தில. எடுங்கோ.

கடையைப் பூட்டுவம். இல்லை, இல்லை. பூட்ட ஏலாது. இஞ்சதான் இருக்கிறம் எண்டு அங்க வெட்டிக் கிடக்கேக்க, நான் எப்பிடிக் கதவைப் பூட்டிப்போட்டுப் போறது?

தம்பி, உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும். கொஞ்ச நேரம் இதில இருங்கோ. உங்கட மனிசிக்கு நான் போற வழியில சொல்லிவிடுறன். பேப்பர், பால் வாங்க ஆரும் வந்தா எடுத்துக்கொண்டு போகட்டும், பேந்து பாப்பம். வேற ஆரும் வந்தா, எங்கட ஆள் ஆரும் வந்தா... இப்ப வயசு போயிருக்கும், நரைச்சிருக்கும், தாடி கீடி வச்சிருக்கவும் கூடும். வாசலில நிண்டு யோசிச்சா, உள்ளுக்குக் கூப்பிடுங்கோ. அந்த ஸ்டூலில இருக்கச் சொல்லுங்கோ. அம்மா கீழ கடல்பக்கம் போனவ, இப்ப வந்திடுவா எண்டு சொல்லுங்கோ.